பஞ்சவர்ணம் எடுத்த கட்சி

புளத்கொகுபிட்டிய பஸ் நிலையத்துக்கு எதிரே உதயராஜ் நடத்திய சலூனில் 2008ஆம் ஆண்டு தை மாதம் முழுவதும் ஒரே வழக்குத்தான் நடந்தது. கோணகந்தைத் தோட்டத்து ராப் பாடகர்களில் பெரியவர் சுந்தரலிங்கமா, பஞ்சவர்ணமா? பாதித் தலை வெட்டிய நிலையில் நாற்காலியைவிட்டு எழுந்து நின்று வாதாடியவர்களும் உண்டு.

பெண்கள் அந்தச் சலூனுக்குள் போவதில்லை. ஆனால் அடுத்த கடை மக்கீனுடையது, கேசட்டும் சி.டி.யும் விற்கும் கடை. இரண்டுக்கும் இடையில் வெறும் பலகைத் தடுப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மக்கீனைப் பார்க்கப் போன பஞ்சவர்ணம், தன்னைப் பற்றிய வழக்கைத் தன் காதாலேயே கேட்டாள்.

"பன்னெண்டு வருஷம்டா! ஒரு தீவாளி தவறியிருக்காரா லிங்கண்ணன்?"

"தவறாம வர்றதுதான் பெருமைன்னா, நம்ம தபால்காரருதான்டா பெரிய ராப்பர்."

"வர்ணக்கா பாட்டு கட்டுனா அது பாட்டு, ஒத்துக்கிறேன். ஆனா எங்க கட்டுனாங்க? கல்யாணம் கட்டுனாங்க, அதோட சரி!"

சிரிப்பு தடுப்பைத் தாண்டி வந்தது. மக்கீன் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

"மனசுல எடுக்காதீங்க தங்கச்சி. பொழுது போக்குறானுங்க."

"பரவாயில்ல நானா. ஒரு எடம்தானே இருக்கு?" என்று அண்ணன் முறை வைத்தே கேட்டாள் பஞ்சவர்ணம்.

"ஒண்டுதான் ஈக்குது."

மலைநாட்டுத் தமிழ் ராப் பாடல்களைத் திரட்டி ஒரு சி.டி. வெளியிட மக்கீன் முயன்றுகொண்டிருந்தார். பாடுகிறவர்கள் எல்லாரும் இருபது வயதைத் தாண்டாத பையன்கள். மூத்தவர் ஒருவருக்கு மட்டும் ஓரிடம் ஒதுக்கியிருந்தார். அந்த இடத்தைப் பற்றித்தான் ஊரே பிளந்து கிடந்தது.

"லிங்கத்தப் போட்டா ஒரு பக்கத்துச் சனம் சி.டி. வாங்காது, ஒங்களப் போட்டா மத்தப் பக்கம் வாங்காது. நான் என்ன செய்ய?" என்றார் மக்கீன்.

பஞ்சவர்ணத்துக்கு அந்த இடம் வேண்டும். முப்பத்தைந்து வயதில் அவள் குரல் எந்த நாடாவிலும் எந்தத் தட்டிலும் பதிவாகியிருக்கவில்லை. இதற்குப் பின் இன்னொருவர் வந்து கேட்பார் என்று நம்ப அவளிடம் காரணம் எதுவும் இல்லை.

"மாசிக் காமன் வருதில்ல நானா," என்றாள். "லாவணி வைக்கச் சொல்லுங்க. களத்துல முடிவாகட்டும்."

*

பஞ்சவர்ணம் அதே தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியை விட்டதும் பால்வெட்டுக்குப் போனாள். விடியற்காலையில் ரப்பர் மரத்துக்கு மரம் நடந்து பட்டையைச் சீவும் வேலை அது. சீவலுக்கும் நடைக்கும் ஒரு தாளம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் சினிமாப் பாட்டுகளோடு ராப் என்ற விரைவுப் பேச்சுப் பாட்டு கேசட் கேசட்டாக மலைக்கு ஏறி வந்தபோது, அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அந்தத் தாளத்தில் அவள் முன்னமே மரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். 1996 தீபாவளிக்கு எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளின் பையன்கள் மேடை போட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் சுந்தரலிங்கம். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவன், அவளைவிட மூன்று வயது மூத்தவன். மேடைக்குக் கீழே நின்று அவன் பாட்டுக்கு வாயாலேயே பதில் கொடுத்தவளை, "ஏறி வா, தைரியமிருந்தா," என்று அவனே கூப்பிட்டான். ஏறினாள். மூன்று தீபாவளி அந்த இருவருடையவை.

1999இல் வரக்காப்பொலக் கடைவீதியில் மளிகை வியாபாரம் செய்த குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் சுரேந்திரன் பாடாதே என்று சொன்னதில்லை; பாடு என்றும் சொன்னதில்லை. கடைக்காரக் குடும்பத்துக்கு மேடை ஒத்துவராது என்பதை அவள் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டாள். 2005இல் சகோதரர்கள் கடையைப் பங்கு பிரித்தபோது சுரேந்திரன் கட்டாருக்குப் போனான். அவள் இரண்டு பிள்ளைகளோடு தோட்டத்துக்குத் திரும்பி, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் சேர்ந்தாள். அடுத்த தீபாவளிக்கு மேடை ஏறினாள். இடைப்பட்ட ஆண்டுகளைச் சலூன் மறக்கவில்லை.

*

காமன் கூத்து நாட்களில் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து, தப்பு அடிக்க அடிக்கப் பாட்டாலேயே கேள்வி கேட்டுப் பாட்டாலேயே பதில் சொல்வது லாவணி. கோணகந்தையில் அதற்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. பாடுகிறவர் தன் விருப்பப்படி கட்சி எடுக்க முடியாது. பித்தளைத் தட்டின் கீழே இரண்டு வெற்றிலை வைப்பார்கள்; ஒன்று முழுசு, மற்றது நுனி கிள்ளியது. கைக்கு வந்த வெற்றிலைதான் கட்சி. தனக்குப் பிடிக்காத கட்சி வந்தாலும் அதற்காக உயிரைக் கொடுத்துப் பாட வேண்டும். வேண்டுமென்றே தளர்ந்து பாடினாலும், கட்சி தாண்டினாலும், தப்பு நின்றுவிடும். தீர்ப்பு தப்படிப்பவருடையது; பதில் இல்லாமல் நின்றால் கட்சி தோற்கும்; தப்பு நின்றாலோ பாடியவரே தோற்றவர். அதோடு அவருக்கு இனிக் களமும் இல்லை.

அந்தக் களத்தில் அதுவரை ஒரு பெண் நின்றதில்லை. காமன் கமிட்டி கூடியபோது பேச்சு சூடானது. தப்பு அடிக்கும் நல்லையாதான் முதலில் எதிர்த்தவர்.

"பொம்பள பாடுனா, தோத்தா அழுவா, செயிச்சா ஆம்பள அழுவான். ரெண்டும் காமனுக்கு ஆகாது."

"நல்லையாண்ணே, ஒரே ஒரு வார்த்த," என்றாள் பஞ்சவர்ணம். "எனக்காக எந்த விதியையும் மாத்த வேணாம். வெத்தல விழுந்தபடி பாடுறேன். தவறினா நிறுத்துங்க. அதுக்கப்புறம் எந்தப் பொம்பளையையும் இந்தப் பக்கம் விட வேணாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவர்களைச் சம்மதிக்க வைத்தது. சொன்ன பிறகுதான் அதன் பாரம் அவளுக்கு உறைத்தது.

பொருள் எது என்பதில் சச்சரவு இல்லை. முழு வெற்றிலை எடுத்தவர் 'பஞ்சவர்ணமே பெரியவர்' என்று பாட வேண்டும்; கிள்ளிய வெற்றிலை எடுத்தவர் 'சுந்தரலிங்கமே பெரியவர்' என்று பாட வேண்டும். எந்தக் கட்சி வெல்கிறதோ அந்தப் பெயருக்குச் சி.டி.யில் இடம். மக்கீன் ஒத்துக்கொண்டார். தன் பெயர் தன் கைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று பஞ்சவர்ணம் கணித்திருந்தாள். மற்றப் பாதியை அவள் நினைக்க விரும்பவில்லை.

*

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். தமிழில் வேகமாக எதைப் பாடினாலும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்க யாராவது வருவார்கள். உதயராஜ் இரண்டு நாள் பொலிஸ் நிலையத்துக்கு நடந்து, சிங்களத்தில் வரி வரியாக விளக்கி அனுமதி வாங்கிவந்தார். ஒலிபெருக்கி கூடாது; பொழுது சாய்வதற்குள் கலைந்துவிட வேண்டும். அதனால் இரவில் நடக்கவேண்டிய லாவணி பிற்பகலில் நடந்தது. இடம், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம். களத்தின் ஓரத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள் துப்பாக்கியோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மே மொனவத மல்லி?" இது என்ன தம்பி என்று ஒருவன் உதயராஜைக் கேட்டான்.

"யார் பெரிய பாட்டுக்காரர்னு சண்டை, சேர்," என்று உதயராஜ் சிங்களத்தில் சொன்னார்.

"அவ்வளவுதானா?" பொலிஸ்காரன் நம்பியதாகத் தெரியவில்லை.

நல்லையா தட்டை நீட்டினார். பஞ்சவர்ணம் கை விட்டு எடுத்தாள். விரல் நுனி தொட்டதுமே தெரிந்துவிட்டது. கிள்ளிய வெற்றிலை.

கூட்டம் கொந்தளித்தது. சுந்தரலிங்கம் முழு வெற்றிலையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பின் பொருள் அவளுக்கு விளங்கியது. அவன் அவளுக்காகப் பாட வேண்டும். தளர்ந்து பாடினால் தப்பு நிற்கும். ஆனால் தளராமல், உரத்த குரலில், உதவாத நியாயத்தைச் சொன்னால்? அதைத் தடுக்க விதியில் வார்த்தை இல்லை.

தப்பு எழுந்தது. சுந்தரலிங்கம் கையை வீசிக்கொண்டு தொடங்கினான்.

"பாவம் பஞ்சவர்ணம் பாட வந்த புள்ள,
பாதியில புருஷன் வந்து போட்டுட்டான் முள்ள!
ஏழு வருஷம் வாய்க்குப் பூட்டு, எவன் கையில சாவி?
எரக்கப்பட்டு எடமொண்ணு குடுத்துருங்க சாமி!"

பெண்கள் பக்கமிருந்து "அனே!" என்று இரக்கப்பட்டு ஒரு குரல் வந்தது. பஞ்சவர்ணத்தின் முகம் கொதித்தது. பூட்டு எதுவும் இருக்கவில்லை. பூட்டியவன் எவனும் இல்லை. அதைச் சொல்லலாம். ஆனால் தன்னைக் காப்பாற்றி ஒரு வரி பாடினாலும் அது கட்சி தாண்டுவதாகும். நல்லையாவின் குச்சி அதற்குத்தான் காத்திருக்கிறது. அவள் விழுங்கிக்கொண்டு, அவனுக்காகவே பாடினாள்.

"எரக்கத்துக்கா எடம் கேக்குற? எடுத்துக்க ஒன் பேச்ச!
எங்க அண்ணன் நிறுத்துனதே இல்ல பாட்டு வீச்ச!
கரண்டு போன தீவாளிக்கும் தனியா நின்ன கொரலு,
கணக்குப் பாக்க ஒனக்கிருக்கா பத்துக்கு மேல வெரலு?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. சலூன்காரப் பையன்கள் குதித்தார்கள்.

"என்னாண்ணே! ஒங்களப் புகழ்ந்தே ஒங்கள சாத்துறாங்க!"

"பதில் குடுங்கண்ணே! வாய் வரலியா?"

சுந்தரலிங்கத்தின் சிரிப்பு குறைந்தது. அவன் பன்னிரண்டு ஆண்டு மேடை பார்த்தவன். தோற்றுப்போனால் தனக்கு லாபம் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் 'வாய் வரலியா' என்ற சொல்லைக் கேட்டுச் சும்மா நிற்க அவன் பழகியதில்லை. அடுத்த வரி தப்போடு சேர்ந்து வந்தபோது, அது திட்டம் போட்டு வந்த வரியாக இருக்கவில்லை.

"வருஷத்த எண்ணிக் காட்டுறியே, வயசா இங்க பேச்சு?
வாத்துகூட கத்திக்கிட்டே வாழ்ந்து முடிச்சாச்சு!
ஒரே பாட்டுக்கு ஒம்போது சட்ட மாட்டிவிட்டான் லிங்கம்,
ஒவ்வொரு மேடைக்கும் புதுசு கட்டுனா பாரு, தங்கம்!"

களம் அதிர்ந்தது. தன் பாட்டெல்லாம் ஒரே பாட்டு என்று அவனே சொல்லிவிட்டான். சலூனில் அவனுக்காக உயிரை விட்ட பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.  இந்த ஒரு சுற்றைப் பஞ்சவர்ணம் விட்டுவிட்டால் போதும், இடம் அவளுடையது. ஆனால் தப்பு அவள் பக்கம் திரும்பிவிட்டது. பதில், கேட்காமலே நாக்கில் வந்து நின்றது. தன்னைக் குத்தும் பதில்.

"சட்ட மாத்தத் தெரிஞ்ச ஆளு சந்தையில நிப்பான்,
சரக்கிருந்தும் கட பூட்டுனா யாருக்குடா விப்பான்?
பாட்டிருந்து என்ன லாபம், பொட்டிக்குள்ள தூக்கம்!
பாடி நின்ன மனுஷனுக்கே மேளதாள ஊக்கம்!"

இரக்கம் காட்டிய பெண்கள் இப்போது சத்தம் போடவில்லை. அவள் தன்னையே வெட்டுகிறாள் என்பது அவர்களுக்குப் புரிந்தது. வெயில் சாய்ந்து ரப்பர் மர உச்சியில் மட்டும் மிஞ்சியிருந்தது. பொலிஸ்காரர்களில் ஒருவன் எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"கடைசிச் சுத்து!" என்று உதயராஜ் கத்தினார். "ரெண்டு பேரும் கேட்டுக்கங்க, கடைசி!"

சுந்தரலிங்கம் நெற்றி வியர்வையைத் துடைத்தான். அவன் கண்கள் பஞ்சவர்ணத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வெல்ல வேண்டும் என்ற வெறி ஒன்றுதான் அதில் இருந்தது. எதை வெல்கிறோம் என்பதை அவன் மறந்துபோயிருந்தான்.

"நின்னான் நின்னான்ங்குறியே, நெஞ்சுக்குள்ள பாத்தியா?
நாலு வரி தாண்டுமுன்னே நாக்கு தள்ளும், கேட்டியா?
பொகக்கூடு தின்ன மூச்சு…"

அங்கேயே மூச்சு வாங்கினான். எல்லாரும் பார்க்க வாங்கினான்.

"…பசங்க வாயில ஓடுது,
போன தீவாளிப் பாட்டு யாருதுன்னு ஊரு தேடுது!"

யாரும் கைதட்டவில்லை. போன தீபாவளிக்கு அவனுக்குப் பின்னால் நின்ற பையன்கள் வரிக்கு வரி கூடப் பாடியதை எல்லாரும் ஒரு புதுப் பாணி என்று நினைத்திருந்தார்கள். புகைக்கூடம் அவன் மார்பை என்ன செய்துவிட்டது என்பது பஞ்சவர்ணத்துக்கும் அதுவரை தெரியாது.

தப்பு அவள் பக்கம் திரும்பியது. அவள் வாய் திறக்கவில்லை.

இந்த மௌனம் மட்டும் கொஞ்சம் நீண்டால் போதும். அதைத் தளர்ச்சி என்று யாராலும் சொல்ல முடியாது. பதில் இல்லாத கேள்வி என்றுதான் சொல்வார்கள். மக்கீன் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். நல்லையா தாளத்தை மெதுவாக்கினார், நிறுத்தவில்லை; அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றால் அழுவாள் என்று சொன்னவர். எதிரே சுந்தரலிங்கம் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றான். அப்போதுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்குப் புரிந்துகொண்டிருந்தது.

பதில் இல்லையென்றால் அவளால் நின்றிருக்க முடியும். ஆனால் பதில் இருந்தது. அது உண்மையாகவும் இருந்தது.

"மூச்சு வாங்க அவரு நின்னா முழு லயமும் பாடும்,
முந்திக்கிட்டுத் தொட்டில் புள்ள அடுத்த வரி போடும்!
நான் நிறுத்துன பாட்டு எங்க? நாதி இல்ல தேட,
தோட்டமே தன் வாயத் தந்தா அவரு எதுக்கு வாட?"

பாடியதோடு நிற்கவில்லை. சுந்தரலிங்கத்தின் பழைய பாட்டொன்றின் முதல் வரியை எடுத்தாள்.

"விடியுமுன்னே வாளி தூக்கி…"

பாதியில் நிறுத்தினாள். நிறுத்தும்போது, யாரும் எடுக்கக்கூடாதே என்று அவளுக்குள் ஒரு மூலை வேண்டிக்கொண்டது.

"…விடிஞ்ச பின்னும் காலி வாளி!" என்றது களம் முழுவதும். பெண்கள், பையன்கள், கமிட்டிக்காரர்கள், சலூனில் அவளுடைய கட்சிக்காக வாதாடியவர்கள்கூட. பொலிஸ்காரர்கள் இருவரும் சட்டென்று எழுந்துவிட்டார்கள்; உதயராஜ் ஓடிப்போய், "பாட்டு சேர், பாட்டு," என்று அவர்களை உட்காரவைத்தார்.

நல்லையா தப்பைத் தலைக்கு மேலே தூக்கினார். கிள்ளிய வெற்றிலைக்கு வெற்றி. சுந்தரலிங்கமே பெரியவர்.

*

கூட்டம் கலையும்போது மக்கீன் அவளை வழிமறித்தார்.

"தங்கச்சி, எனக்குக் காது ஈக்குது. அந்தாள் நாலு வரிக்கு இளைக்கிறார். நீங்க ஒருத்தரே ரெண்டு பேருக்கும் பாடினீங்க. நீங்க வாங்க ஸ்டூடியோவுக்கு. கமிட்டிக்கு நான் பதில் சொல்றன்."

வேண்டும் என்று அவள் உடம்பு முழுவதும் சொன்னது. களத்தின் மறுபக்கத்தில் நல்லையா தப்பைத் துணியில் சுற்றிக்கொண்டே இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விதிய மாத்த வேணாம்னு சொல்லித்தான் நானா உள்ள வந்தேன்," என்றாள். "தீர்ப்புக்குப் பொறகு அத நானே மாத்துனா, இனி ஒரு பொம்பளையையும் விட மாட்டாங்க. நானே சொன்ன வார்த்த அது."

"அப்ப ஒங்க பாட்டு?"

 மடுவத்துச் சாவியை இடுப்பில் சரிபார்த்துக்கொண்டு நடந்தாள். அழவில்லை. ஆனால் மறுநாள் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சும்போது இரண்டு தடவை பொங்கவிட்டாள். ஆயாவாக உடனிருந்த ஜெயம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

பத்து மணிக்குச் சுந்தரலிங்கம் மடுவத்து வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"நீ வாய மூடிக்கிட்டு நின்னிருக்கலாம்," என்றான்.

"நீங்க மூச்சப் பத்திப் பேசாம இருந்திருக்கலாம்."

"வாய்ல வந்துருச்சு."

"எனக்கும் அப்பிடித்தான்."

அவன் வாசல் நிலையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ராத்திரி பூரா தூக்கமில்ல வர்ணம். பிரட்டுக்களத்துல தோட்டமே மிச்சத்தப் பாடிருச்சு. ஸ்டூடியோவுல எந்தத் தோட்டம் வரும்? ஒரு கண்ணாடி, ஒரு மைக்கு. நின்னேன்னா நின்னதுதான் பதிவாகும்," என்றான்.

"பசங்களக் கூட்டிட்டுப் போங்க."

"ஊருக்கே தெரிஞ்சு போச்சே. இனி அவனுங்க பாடுனா சிரிப்பாங்க." குரலைத் தாழ்த்தினான். "நீ வா. என் வரிய நீ முடிச்சுக் குடு. ஒன்னைய விட்டா எனக்குத் தாளம் பிடிக்க ஆளில்ல. எடம் எனக்குன்னுதானே தீர்ப்பு. யாரக் கூப்பிடணும்ங்கிறது என் இஷ்டம்."

பஞ்சவர்ணம் தூங்கிய குழந்தையொன்றைத் தொட்டிலில் கிடத்தினாள். இடுப்பை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஒங்க வரிய முடிக்க வர மாட்டேன்."

"அப்ப?"

"என் வரியப் போட வர்றேன். நேத்து மாதிரி. நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் எதுத்துச் சொல்றேன். ஆனா இந்தத் தடவ நான் எனக்காகத்தான் பாடுவேன். நீங்க ஒங்களுக்காகப் பாடுங்க."

"அப்ப அது என் பாட்டு இல்லியே."

"இல்லதான்."

 அவனுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்குக் கிடைத்த ஒரே இடம். அதில் பாதியைக் கேட்கிறாள். கேட்கிற குரலில் கெஞ்சல் இல்லை. முடியாது என்று சொல்லிப் போய்விடலாம். போனால் கண்ணாடிக்குள் தனியாக நிற்க வேண்டும். புகைக்கூடத்து இருமல் ஒன்று வந்து போனது.

"எத்தன வரி வேணும் ஒனக்கு?" என்றான் கடைசியில்.

"நீங்க எங்கெங்க மூச்சு வாங்குறீங்களோ, அங்கயெல்லாம்."